புல்லில் சிவந்த மஞ்சள் தண்ணீர்

ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் புல்லில் ஊற்றினேன். குடத்திலிருந்து விழும்போது மஞ்சளாகத்தான் விழுந்தது. மண்ணைத் தொட்டதும் சிவந்துபோனது.

லேசான சிவப்பு இல்லை. ஆடு வெட்டிய இடம் மாதிரி சிவப்பு.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் வரைக்கும் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

முதலில் அந்தப் புல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போட்டவர். வண்டியை விற்றுவிட்டு, ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் வீடு கட்டிக் குடிவந்தோம். வாழ்நாள் பூராவும் பாறையைக் குடைந்து, புழுதியைத் தின்ற மனிதர். வீட்டு முன்னால் பச்சையாக ஏதாவது வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. காய்கறி போடலாம் என்றேன் நான். "காய் சந்தையில கெடைக்கும் புள்ள. பச்சை கெடைக்குமா?" என்றார். லான் போட்டார்.

இரண்டு மழைக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் வெளுக்க ஆரம்பித்தது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. போர் தண்ணீரை விடிந்ததும் விடுவார், பொழுது சாயும்போதும் விடுவார். விட விட இன்னும் வெளுத்தது. மனிதர் செல்போனில் புல் வீடியோவாகப் பார்க்கத் தொடங்கினார். வெள்ளைக்காரன் ஒருத்தன் முழங்கால் போட்டு உட்கார்ந்து புல்லோடு பேசுவான். இவர் இங்கே தலையாட்டுவார். ஏதோ மருந்து வரவழைத்துப் போட்டிருப்பதாக ஒருநாள் சொன்னார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். காதில் வாங்கவில்லை.

வீட்டில் என்ன பேசினாலும் காதில் வாங்கிவிட வேண்டும் என்று இப்போது ஞானம் வந்திருக்கிறது... என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் கோகிலா வளைகாப்புக்கும் பிரசவத்துக்குமாக வந்திருந்தாள். ஏழாம் மாதம். கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து, நான் ஏறாத படி ஏறி, அம்மன் கொடுத்த வரம். டாக்டரம்மா தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். தெருவில் நாய்த் தொல்லை. அதனால் புல்லிலேயே வெறுங்காலோடு நடப்பாள். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, புல்லையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அம்மன் கோயில் திருவிழா வாரத்தில் ஒருநாள் நடந்துவிட்டு வந்தவள், "அம்மா, பாதம் எரியுதும்மா" என்றாள். பார்த்தால் இரண்டு பாதமும் சிவந்து தடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். எறும்பாக இருக்கும் என்றேன். மறுநாளும் எரிந்தது.

அன்று ராத்திரி அவள் தூங்கியதும் பாதத்தில் விபூதி பூசிவிட்டேன்.

திருவிழாவின் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. கரகம் எங்கள் வாசலுக்கு வந்தபோது காலுக்குத் தண்ணீர் ஊற்றி, விழுந்து கும்பிட்டேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை. "புள்ள நல்லபடியா பெத்துப் பொழைக்கணும் தாயே" என்று மட்டும்தான் கேட்டேன். குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் மீதி இருந்தது. அம்மனுக்குக் கொடுத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டலாமா? கோகிலா நடக்கிற இடமாயிற்றே, காவலாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு புல்லில் ஊற்றினேன்.

சிவந்தது.

குடம் கையை விட்டு நழுவியது. அது உருண்டு போன வழியெல்லாம் சிந்திய தண்ணீரும் சிவந்துகொண்டே போனது.

என் பின்னால் நின்றிருந்தார் நங்கையா. என் வீட்டுக்காரரின் அக்கா. திருவிழாவுக்கென்று திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தார். குனிந்து புல்லைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"ரத்தமாட்டவே இருக்குதே அம்மிணி..."

வீட்டுக்காரர் ஓடிவந்து பார்த்தார். விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் விபூதி எடுத்துவந்து புல்லில் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றார். கோகிலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா அது? என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. நீ உள்ள போ" என்று மகளை அனுப்பினேன்.

நங்கையா புல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார். போலீஸ்காரர் நடக்கிற மாதிரி. காம்பவுண்டு சுவர் ஓரம் போனதும் நின்றார். அங்கே மட்டும் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. நங்கையா உருண்டு கிடந்த குடத்தை எடுத்து, அடியில் தங்கியிருந்த தண்ணீரை அங்கே சாய்த்தார்.

சிவக்கவில்லை. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"பாத்தியா? நம்ம ஊட்டு புல்லு பூராவும் கருகிக் கெடக்குது. இவ செவுரு ஓரம் மட்டும் தளதளன்னு நிக்குது. ஏன்? சொல்லு, ஏன்?"

இவள் என்றால் பாக்கியம் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. தம்மம்பட்டிக்காரர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. மலைக்குப் போகிற பஸ் நிற்குமிடத்தில் தள்ளுவண்டி போட்டு கம்மங்கூழும் மோரும் விற்கிறார். நாங்கள் குடிவந்த நாளில் பால் காய்ச்ச எங்களிடம் தீப்பெட்டி இல்லை. சுவருக்கு மேலே ஒரு கை தீப்பெட்டியை நீட்டியது. அந்தக் கைதான் பாக்கியம் அக்கா. கோகிலா வந்ததிலிருந்து தினமும் ஒரு சொம்பு மோர் சுவருக்கு மேலே வரும்.

"அவிய அப்படி இல்லைங்க நங்கையா" என்றேன்.

"தம்மம்பட்டின்னா எங்க இருக்குது? கொல்லிமலைக்குக் கீழ. அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு செய்வினை வெக்கறதெல்லாம் பாலக் குடிக்கற மாதிரி. நான் வந்ததுலருந்து பாக்கறன், பொழுது சாயறப்ப செவுத்து மேல எட்டி எட்டி என்னமோ ஊத்தறா. புள்ளத்தாச்சி நடக்கற எடம்! கால் எரியுதுங்கறா. தண்ணி ரத்தமாப் போவுது. இதுக்கு மேல உனக்கு அம்மன் வந்து கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

எனக்குத் தெரிந்த பாக்கியம் அக்கா ஒரு பக்கம். கண்ணெதிரே கிடக்கும் சிவப்பு ஒரு பக்கம். நடுவில் என் மகளின் வயிறு.

பயம் வந்துவிட்டால் மனுஷனுக்கு ரொம்ப நாள் பழக்கம் எல்லாம் மறந்துபோகும். எனக்கு மறந்துதான் போனது.

நங்கையா நேராக அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே நான். பாக்கியம் அக்கா கூழ்ப் பானையைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க. கரகம் நல்லா வந்துச்சா?" என்றார்.

"செவுத்து மேல தெனமும் என்ன ஊத்தறே?" என்றார் நங்கையா.

"மோரு. வித்தது போக மிஞ்சினது. மறுநாளைக்கு வெச்சா புளிச்சிப் போவுது. நம்ம வூட்டு சாக்கடை அடைச்சிக்கிட்டு தண்ணி போவ மாட்டேங்குது. சரி, புல்லாச்சும் குடிக்கட்டுமேன்னு... ஏன், நாத்தம் வருதா? சொல்லியிருக்கலாமே தங்கச்சி, நிறுத்தியிருப்பேனே."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் நங்கையா கேட்டுவிட்டார்.

"மோருன்னா அம்மன் தண்ணி ஏன் ரத்தமாச்சு?"

பாக்கியம் அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறிய விதம் இருக்கிறதே... அதை எழுத எனக்குத் தெரியவில்லை. நங்கையாவை அவர் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன செய்யணும்?" என்றார், கடைசியில்.

"கோயில்ல வந்து கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு."

எங்கள் பக்கத்தில் இது பெரிய வார்த்தை. அம்மன் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. பொய்ச் சத்தியம் செய்தால் குலம் விளங்காது என்பார்கள். உண்மைச் சத்தியம் செய்தவர்களுக்கும், அதைச் செய்ய வைத்தவர்களுக்கும் நடுவில் அதற்கப்புறம் பேச்சுவார்த்தை இருக்காது. அங்காளி பங்காளியே அதோடு முடிந்துபோவார்கள்.

"நாளைக்கு சாயங்காலம் வியாபாரம் முடிஞ்சதும் வரேன்" என்றார் பாக்கியம் அக்கா. மறுபடியும் உட்கார்ந்து பானையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சுவருக்கு மேலே மோர் வரவில்லை.

மறுநாள் எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். கோகிலாவைப் புல்லில் இறங்கவிடவில்லை. அவள் கூடத்துக்குள்ளேயே நடந்தாள். கால் எரிச்சல் குறைந்த மாதிரி இருந்தது. "பாத்தியா, புல்ல மிதிக்கலீன்னதும் கொறையுது" என்றார் நங்கையா. அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லாமே சரியாகத்தான் பட்டது! ஒரு சந்தேகம் உள்ளே வந்துவிட்டால் வீட்டிலிருக்கும் அத்தனை சாமானும் அதற்குச் சாட்சி சொல்லும்.

சாயங்காலம் நங்கையா கோயிலுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். "நீ வர வேண்டாம். சத்தியம் முடிஞ்ச கையோட வாரேன். வந்ததும் புள்ளைக்கு ஆலம் சுத்திப்போடணும். கரைச்சு வெய்யி."

ஆலம் என்பது ஆரத்திதான். அந்தக் காலத்திலிருந்து இந்தக் கையால் எத்தனை தட்டு கரைத்திருப்பேன்! கல்யாணத்துக்கு, குழந்தைக்கு, புது வண்டிக்கு, ஊருக்குப் போய் வந்தவர்களுக்கு. தாம்பாளத்தில் தண்ணீர் விட்டேன். மஞ்சள் தூளைப் போட்டேன். மஞ்சளாகக் கலங்கியது. நங்கையாவின் வெற்றிலைப் பையைத் திறந்து, டப்பாவிலிருந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, தட்டில் வைத்துக் கலக்கினேன்.

சிவந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது.

அதே சிவப்பு. முந்தின நாள் புல்லில் கிடந்த அதே சிவப்பு, என் தட்டில், என் விரலால்!

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். இது எனக்குத் தெரியாதா? நங்கையாவுக்குத் தெரியாதா? இந்த ஊரில் தெரியாத பொம்பளை யார்? தட்டில் பார்த்தால் ஆலம் என்கிறோம், வாசலில் ஊற்றினால் மங்களம் என்கிறோம். அதையே எதிர்பாராத இடத்தில் பார்த்தபோது... ரத்தம் என்றோம்.

அப்படியென்றால் புல்லில் சுண்ணாம்பு இருக்கிறது. எப்படி வந்தது?

தட்டோடு வெளியே ஓடினேன். புல்லை விலக்கிப் பார்த்தால் வேர் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெள்ளைக் கட்டிகள். ஒன்றைக் கிள்ளி எடுத்து, ஒரு கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டு அதில் போட்டேன். கட்டியைச் சுற்றிச் சிவப்பு பூத்தது.

"ஏனுங்க! இங்க வாங்க! புல்லுல என்ன போட்டீங்க?"

வீட்டுக்காரர் வந்தார். "மருந்து போட்டன்னு சொன்னனே புள்ள. போன வாரம் நீ கோயிலுக்குப் போயிருந்தப்ப."

"என்ன மருந்துங்க?"

"லைம் பவுடர். அந்த வீடியோக்காரன் சொன்னான். புல்லு மஞ்சளாச்சுன்னா மண்ணுல ஏதோ பி.ஹெச்.சாம், அது கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், லைம் போடுன்னு. ஆன்லைன்ல வரவழைச்சேன்."

"லைம்னா என்னங்க?"

"என்ன கேள்வி இது? எலுமிச்சம்பழம். கடையில லைம் ஜூஸ்னு குடிக்கறதில்லையா? அதைக் காய வெச்சுப் பொடி பண்ணி அனுப்பறாங்க. அம்மனுக்கே மாலை போடற சாமான், புல்லுக்குப் போட்டா நல்லதுதானேன்னு ஒரு கை தாராளமாவே போட்டேன்."

கோகிலா மோட்டார் ரூமிலிருந்து அந்தப் பையை எடுத்துவரச் சொல்லி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... இது சுண்ணாம்புப்பா. நீத்துன சுண்ணாம்பு. வெள்ளையடிக்கறது. கால்ல பட்டா புண்ணாகும்னு போட்டிருக்குது, கையுறை போட்டுக்கணுமாம்."

மனிதர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. பையையும் பார்த்தார், மகளின் காலையும் பார்த்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

எனக்கு அவரைத் திட்டக்கூட நேரமில்லை. கோயிலில் கற்பூரம்!

"எந்திரிங்க! வண்டிய எடுங்க!"

கையில் கிண்ணத்தோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். திருவிழா முடிந்த தெரு. தோரணம் அவிழ்க்கிறவர்கள் ஏணியைக் குறுக்கே போட்டிருந்தார்கள். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று கத்திக்கொண்டே போனார். மஞ்சள் தண்ணீர் என் சேலையெல்லாம் தெறித்தது. அம்மா, தாயே, அந்தக் கற்பூரம் ஈரமாக இருக்கட்டும், பற்றிக்கொள்ளாமல் இருக்கட்டும், பூசாரி இன்னும் வராமல் இருக்கட்டும்... சின்னப்பிள்ளை மாதிரி என்னென்னவோ வேண்டினேன்.

கோயில் வாசலில் இறங்கி ஓடினேன். உள்ளே பத்துப் பேர் நின்றார்கள். நடுவில் பாக்கியம் அக்கா. கூழ் விற்ற அதே சேலை. முன்னால் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"என் கையால அந்தப் பொண்ணுக்கு ஒரு கெடுதல் நெனச்சிருந்தேன்னா, நீ கேளு தாயே."

"அக்கா, வேண்டா..." என்று நான் கத்தியதும், அவர் உள்ளங்கை கற்பூரத்தில் இறங்கியதும் ஒரே நேரம்.

அணைந்துவிட்டது.

நான் கிண்ணத்தை நீட்டினேன். "சுண்ணாம்பு அக்கா. வெறும் சுண்ணாம்பு. இவருதான் தெரியாம போட்டுட்டாரு. உங்க மோரு விழுந்த எடத்துல மட்டும் சுண்ணாம்போட காரம் செத்துப்போயிருக்குது, அதான் அங்க செவக்கல..." வார்த்தை வார்த்தையாக இல்லை, அழுகையாகத்தான் வந்தது.

பாக்கியம் அக்கா தன் உள்ளங்கையைப் பார்த்தார். நடுவில் கரி. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

"அத இங்க வந்து சொல்லுற தங்கச்சி" என்றார். "நேத்து எங்க வாசல்ல நின்னப்ப ஒண்ணுமே சொல்லல."

சத்தம் போடவில்லை. திட்டவில்லை. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நங்கையா கிண்ணத்தையும் என்னையும் பார்த்தார். "அப்ப அம்மன் பொய் காட்டிருச்சா?" என்று கேட்டார். அவர் குரலில் அப்போதும் பிடிவாதம் இருந்தது. ஆனால் கண் கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

"இல்லைங்க நங்கையா. அம்மன் சரியாத்தான் காட்டுச்சு. புள்ள காலுக்கு அடியில சுண்ணாம்பு கெடக்குதுடின்னு காட்டுச்சு. நாமதான் தப்பாப் படிச்சோம்."

இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். படித்தவர்கள் இது ரசாயனம் என்பார்கள். இருக்கட்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் புல்லில் ஊற்றச் சொன்னது யார்?

அன்றைக்கே கோகிலாவை அஸ்தம்பட்டியில் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். சுண்ணாம்புப் புண்தான். கழுவி, களிம்பு கொடுத்தார்கள். வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று, கருவியை எங்கள் காதில் வைத்துத் துடிப்பைக் கேட்கவும் விட்டார்கள். என் வீட்டுக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அப்புறம்தான் மண்ணுக்கு வைத்தியம். ஒழுங்கான வழியில்.

மண் பரிசோதனை நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டோம். மேல் புல்லைச் செதுக்கிவிட்டு, அங்கங்கே கொஞ்சம் குழி பறித்து மண் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்திக் கொண்டுவரச் சொன்னார்கள். சுவர் ஓரத்து மண்ணை மட்டும் தனிப் பையில் கட்டினேன். அது ஏன் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை.

அங்கே இருந்த அம்மா ரொம்பப் பொறுமைசாலி. பி.ஹெச். என்பது மண்ணின் புளிப்பும் காரமும்தானாம். ஏழு என்றால் நடு. அதற்குக் கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். புல்லுக்கு ஏழுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் பிடிக்கும். எங்கள் மண் எட்டரையைத் தாண்டி நின்றது.

"கொண்டப்பநாயக்கன்பட்டியா? அந்த அடிவாரம் பூராவும் வெள்ளைக்கல் பூமிங்க. சுண்ணாம்பு போடாமயே மண்ணு காரம்தான். போர் தண்ணியும் உப்பு. மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் அந்தக் காரத்துல புல்லால எடுத்துக்க முடியாது, அதான் வெளுத்துச்சு. வீடியோவுல பேசறவரு ஊருல தெனமும் மழை. மண்ணு புளிச்சுப்போயிருக்கும். அவருக்குச் சுண்ணாம்பு மருந்து. உங்களுக்கு?"

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்கம்மா, இப்ப நெசமாலுமே எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உட்டா சரியாப் போயிருமாங்க?"

அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். "ஒரு தோப்பே பிழிஞ்சாலும் பத்தாதுங்க."

கட்டி கட்டியாகத் தெரிகிற சுண்ணாம்பை மேல் மண்ணோடு சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். நன்றாக மக்கிய தொழுஉரம் போட வேண்டும். கந்தகத் தூள், அதுவும் அளவாக, ஒரே தடவையில் கொட்டாமல் விட்டுவிட்டு. வெளுப்புக்கு, இரும்புச் சத்துள்ள அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிக்கலாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் ரொம்ப நல்லது. மஞ்சளைப் போட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். காரம் மிஞ்சிப்போனால்தான் மஞ்சள் சிவக்கும், கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அதற்குச் சொல்லத் தெரியாது. சில மாதம் கழித்து மறுபடியும் மண் கொண்டுவர வேண்டும்.

சுவர் ஓரத்து மண் ஏழையொட்டி வந்திருந்தது. "இங்க மட்டும் என்ன போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

"பக்கத்து ஊட்டு மோருங்க" என்றேன்.

"புளிச்ச மோரு அந்தக் கொஞ்ச எடத்துல வேலை செஞ்சிருக்குது. அதுக்காக லான் பூராவும் மோர் ஊத்திராதீங்க, எறும்பு வந்துரும்" என்றார்கள். கிளம்பும்போது வீட்டுக்காரர், "எப்பங்கம்மா சரியாகும்?" என்று கேட்டார். அதற்கு அவர்கள் சொன்ன பதில்தான் எனக்கு இன்றுவரை காதிலேயே நிற்கிறது.

"போடறது ஒரு சாயங்காலம்தாங்க. எறங்கறதுக்கு மாசக்கணக்காகும். மண்ண அவசரப்படுத்த முடியாது."

பஸ்ஸில் வரும்போது நான் புல்லை நினைக்கவில்லை.

நங்கையா ஊருக்குப் போகும் முன்னால் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனார். நான் சொல்லிப் போகவில்லை, தானாகவே போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தவர், "ஒரு சொம்பு மோரு குடுத்தா. குடிச்சேன். வேற ஒண்ணும் பேசல" என்றார். வெற்றிலை போடாமலே பஸ் ஏறினார்.

நானும் போனேன். அடுத்தடுத்த நாளும் போனேன். "வா" என்பார். பாய் போடுவார். கோகிலாவின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தால், "அடுப்பு வேலை கெடக்குது தங்கச்சி" என்று எழுந்துவிடுவார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சுவருக்கு மேலே கை மட்டும் வரவில்லை. என் வீட்டுக்காரரே ஆள் வைத்து அவர் வீட்டுச் சாக்கடை அடைப்பை எடுத்துக்கொடுத்தார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாக்கடை சரியானால் மோரை இந்தப் பக்கம் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லையே! உதவி செய்கிறேன் என்று இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டோமோ?

பொழுது சாய்கிறபோது சுவர் ஓரம் போய் நிற்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. புல்லுக்கு அன்னபேதி தெளிக்கிற சாக்கில். அந்தப் பக்கம் பானை உருளும் சத்தம் கேட்கும். தண்ணீர் கொட்டும். சாக்கடையில் 'மடமட'வென்று போகும். அவ்வளவுதான்.

ஒன்பதாம் மாதம் கோகிலாவின் வளைகாப்புக்குக் கூப்பிடப் போனேன். "நான் எதுக்கு?" என்றார். புருஷன் இல்லாதவர்களை இதற்கெல்லாம் யாரும் கூப்பிடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "முதல் வளையல நீங்கதான் போடணும் அக்கா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. வந்ததும் அதுதான் சரி என்று பட்டது. அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் வாசலில் பார்த்தாரே, அதே பார்வை. இந்தத் தடவை நான் தரையைப் பார்க்கவில்லை.

"பாக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் சுவர் ஓரம் நின்றிருந்தேன். புல்லில் புதுத் துளிர் ஒன்றிரண்டு பச்சையாக வந்திருந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் பானை உருண்டது. தண்ணீர் கொட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

'சளக்' என்றது. என் காலடியில். புளித்த மோர். பாதி என் சேலையில்.

தலையைத் தூக்கினேன். சுவருக்கு மேலே பாக்கியம் அக்காவின் முகம். ஒரு கையில் காலிப் பானை. இன்னொரு கையில், கோகிலாவுக்கு ஒரு சொம்பு.

"மஞ்சத்தூள் போட்டுப் பாத்துக்க தங்கச்சி. செவந்துச்சுன்னா சொல்லு... வூட்ல கற்பூரம் இன்னும் மீதி இருக்குது."

மஞ்சள் போடாமலே தெரிந்தது. சிவந்தது என் முகம் மட்டும்தான்.